கோத்தகிரி வீட்டுச் சுவரில் ஒரு பெண், கையில் ஒரு கீரி: இந்தப் படம் போலந்துக்கு எப்படிப் போனது?

கட்டபெட்டு கொழுந்து:

எல்லோருக்கும் வணக்கம். ஓவியம் பற்றித் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் கொஞ்சம் சொல்லுங்கள், ரொம்ப நாளாக மனதில் கிடக்கும் கேள்வி.

எங்கள் தாத்தா கோத்தகிரிப் பக்கம் ஒரு எஸ்டேட் பங்களாவில் பட்லராக இருந்தவர். 1960களில் அங்கே இருந்த துரைசாணி ஊருக்குத் திரும்பும்போது, நாற்காலி, பாத்திரம் என்று சில சாமான்களோடு சட்டம் போட்ட ஒரு படத்தையும் தாத்தாவிடம் கொடுத்துவிட்டுப் போனாராம். அச்சடித்த படம்தான், ஆனாலும் இன்றுவரை எங்கள் முன்னறைச் சுவரில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் அதுதான் தொங்குகிறது. இளம்பெண் ஒருத்தி, முடியைப் படிய வாரி, கழுத்தில் கறுப்பு மணிமாலை போட்டு, யாரோ கூப்பிட்டது போல ஒரு பக்கமாகத் திரும்பிப் பார்க்கிறாள். கையில் வெள்ளையாக ஒரு பிராணி. அம்மா அதைக் கீரி என்பார். தாத்தா கடைசி வரை மரநாய் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

போன மழைக்காலத்தில் கண்ணாடிக்குள் பூஞ்சணம் பிடித்துவிட்டது, துடைக்கலாம் என்று கழற்றினேன். அப்போதுதான் படத்தின் இடது மேல் மூலையில் எழுத்து இருப்பதையே பார்த்தேன். 'லா பெலெ ஃபெரோனியெரெ' என்று ஒரு வரி, அதன் கீழே லெயோனார்டோ டாவின்சியின் பெயர், ஆனால் வின்சியில் 'வி' வரவேண்டிய இடத்தில் 'டபிள்யூ' இருக்கிறது. கீழே ஓரத்தில் பொடி எழுத்தில் கிராக்கோவ் என்று ஊர்ப் பெயர். தேடினால் அது போலந்து.

இத்தாலிக்காரர் வரைந்த படம் போலந்து மியூசியத்துக்கு எப்படிப் போனது? ஹிட்லரின் ஆட்கள் திருடிக்கொண்டுபோய் வைத்தது என்கிறான் என் தம்பி. அப்படியென்றால் அதை எப்படி இன்னும் அங்கேயே மாட்டி வைத்திருக்கிறார்கள்? படத்தைப் பார்த்துப் பார்த்தே வளர்ந்தவள் நான், இது கூடத் தெரியாமல் இருப்பது என்னவோ போல இருக்கிறது.

எல்க்ஹில்:

பெயரே மேலே எழுதியிருக்கிறதே. லா பெல் ஃபெரோனியேர், லெயோனார்டோ வரைந்தது, பாரிஸ் லூவர் மியூசியத்தில் இருக்கிறது. கிராக்கோவ் என்பது அச்சடித்த ஊராக இருக்கும்.

அருவங்காடு டு வார்சா:

எல்க்ஹில் அண்ணா சொல்வது வேறு படம். அந்த எழுத்து நம்மை மட்டுமில்லை, ஒரு காலத்தில் பலரைக் குழப்பியிருக்கிறது. எனக்குச் சொந்த ஊர் அருவங்காடு, நான்கு வருடமாக வார்சாவில் வேலை, இந்தப் படத்தைப் பார்ப்பதற்கென்றே ரயிலேறி கிராக்கோவ் போனவன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன் அக்கா.

உங்கள் வீட்டில் இருப்பது 'எர்மின் ஏந்திய பெண்' என்று சொல்லப்படும் ஓவியத்தின் அச்சு, அந்த வெள்ளைப் பிராணிதான் எர்மின். வரைந்தது லெயோனார்டோதான், 1490ஐ ஒட்டி, மிலன் நகரத்தில். அந்தப் பெண் செச்சீலியா கல்லெரானி, அப்போது 16, 17 வயது. மிலனை ஆண்ட லுடோவிக்கோ ஸ்ஃபோர்சாவின் காதலி. அவன் 1491இல் பெயாத்ரிசே தெஸ்தே என்ற அரச குலப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டான். செச்சீலியாவுக்கு அவனால் ஒரு பிள்ளையும் பிறந்தது, பிறகு வேறொரு பிரபுவுக்கு அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். படம் மட்டும் அவளிடமே இருந்தது. அது எப்படித் தெரியும் என்றால், 1498இல் இசபெல்லா தெஸ்தே (லுடோவிக்கோவின் மனைவிக்கு அக்கா) அவளுக்குக் கடிதம் எழுதி, பெல்லினி என்ற இன்னொரு ஓவியர் வரைந்த முகங்களோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும், படத்தை அனுப்பி வை என்று கேட்கிறாள். செச்சீலியா அனுப்புகிறேன் என்கிறாள், ஆனால் அது நான் சின்ன வயதில் இருந்தபோது வரைந்தது, இப்போது என்னைப் பார்த்தால் இது என் படம் என்றே யாரும் சொல்லமாட்டார்கள் என்றும் எழுதுகிறாள். அவளுக்கு அப்போது 25 வயதுதான். இந்தக் கடித விஷயத்தைப் படித்த பிறகு அந்த முகத்தை வேறு மாதிரிதான் பார்க்க முடிகிறது.

அதன் பிறகு இத்தாலியில் படம் எங்கெங்கோ கைமாறியிருக்கிறது. மறுபடி வெளிச்சத்துக்கு வருவது 1800ஐ ஒட்டித்தான். ஆடம் ஜெர்சி சார்டோரிஸ்கி என்ற போலந்து இளவரசர் இத்தாலியில் இருந்தபோது அதை விலைக்கு வாங்குகிறார். வாங்கி, தன் அம்மா இசபெலா சார்டோரிஸ்காவுக்குக் கொடுக்கிறார். எனக்கு இந்தக் கதையில் முக்கியமான ஆள் இந்த அம்மாதான்.

காரணம் சொல்கிறேன். 1772, 1793, 1795 என்று மூன்று தடவை ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூன்றும் (1793இல் மட்டும் ஆஸ்திரியா இல்லாமல்) போலந்தைப் பங்கு போட்டுக்கொண்டன, அதோடு போலந்து என்ற நாடே வரைபடத்தில் இல்லாமல் போனது. நாடு இல்லாதவர்கள் எதைப் பிடித்துக்கொண்டு இருப்பார்கள்? இந்த அம்மா புவாவி என்ற ஊரில் தங்கள் அரண்மனைத் தோட்டத்துக்குள் கோயில் மாதிரி வட்டமாக ஒரு கட்டடம் எழுப்பி, பழைய ராஜாக்களின் வாள், கொடி, நகை, எலும்புத்துண்டு வரை சேர்த்து வைத்து 1801இல் திறந்தார். வாசலில் 'இறந்தகாலம் எதிர்காலத்துக்கு' என்ற பொருளில் ஒரு வாசகம். போலந்தின் முதல் மியூசியம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். இடம் போதாமல் 1809இல் பக்கத்திலேயே 'கோதிக் வீடு' என்று இன்னொன்று திறந்தார்கள், நம் படம் அங்கே போனது.

அந்த மூலை எழுத்தும் அநேகமாக அங்கே ஏறியதுதான். லூவரில் இருக்கும் லா பெல் ஃபெரோனியேர் படத்துப் பெண்ணும் இவளும் ஒருத்தியே என்று அப்போது நினைத்திருக்கிறார்கள். போலிஷ் மொழியில் டபிள்யூவைத்தான் 'வ' என்று உச்சரிப்பார்கள், என் ஆபீசுக்குப் போகிற வழியில் இருக்கிற பெயர்ப்பலகை எல்லாம் அப்படித்தான். ஆக, வின்சியை டபிள்யூ போட்டு எழுதிய கை ஒரு போலந்துக்காரரின் கை. உங்கள் கண்ணில் முதலில் பட்டதே அதுதான் பாருங்கள்.

ராத்திரி ஷிப்ட் இருக்கிறது, மீதியை நாளைக்கு எழுதுகிறேன்.

எல்க்ஹில்:

சரி தம்பி, நான் சொன்னது தப்புதான். லூவர் படத்தை இப்போது எடுத்துப் பார்த்தேன், அந்தப் பெண் நெற்றியில் ஒரு மணி கட்டியிருக்கிறாள், கையில் பிராணி எதுவும் இல்லை. நீ எழுது, படிக்கிறேன்.

கருமந்தி:

அந்தப் பிராணியைப் பற்றி நான் கொஞ்சம் சொல்லலாமா, காட்டு விலங்குகள்தான் எனக்குத் தெரிந்த துறை.

கட்டபெட்டு அக்காவின் தாத்தா சொன்னது ரொம்பத் தப்பில்லை. நம் மலையில் மரநாய் என்றால் பெரும்பாலும் புனுகுப்பூனை இனத்தைத்தான் சொல்கிறோம், ஆனால் நம் சோலைக்காடுகளில் நீலகிரி மார்ட்டின் என்று ஒன்று இருக்கிறது, கரும்பழுப்பு உடம்பு, தொண்டையிலிருந்து நெஞ்சு வரை நல்ல மஞ்சள். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகத்தில் வேறெங்கும் கிடையாது. தாத்தா பங்களாவில் இருந்த காலத்தில் மரத்தில் ஓடும் அதைப் பார்த்துத்தான் இதை அப்படிச் சொன்னாரோ என்னவோ. எர்மினும் அதுவும் ஒரே குடும்பம், நம் ஆற்று நீர்நாயும் அந்தக் குடும்பம்தான். கீரி வேறு குடும்பம், ஆகவே அம்மாவைவிட தாத்தாவுக்கே ஒரு மதிப்பெண் கூட.

எர்மின் என்பது குளிர்நாடுகளில் இருக்கிற ஸ்டோட் என்ற சின்னப் பிராணியின் குளிர்கால உருவம். பனிக்காலத்தில் உடம்பு முழுக்க வெள்ளையாகிவிடும், வால் நுனி மட்டும் கறுப்பாகவே நிற்கும். ஐரோப்பிய ராஜாக்களின் அங்கியில் வெள்ளையில் கறுப்புப் புள்ளியாகத் தெரிவதெல்லாம் அந்த வால் நுனிகள். நிஜ எர்மின் படத்தில் இருக்கும் அளவுக்குப் பெரிதாக இருக்காது, கைக்குள் அடங்கிவிடும். அதனால் லெயோனார்டோ அதே குடும்பத்து வளர்ப்புப் பிராணியான ஃபெரட் ஒன்றை எதிரில் வைத்து வரைந்திருக்கலாம் என்பவர்களும் உண்டு. அந்த முன்காலை மட்டும் உற்றுப் பாருங்கள், நகமும் தசையும் நரம்பும், பிராணியைப் பிடித்துப் பார்த்தவன்தான் அப்படி வரைய முடியும்.

ஏன் எர்மின் என்றால், அழுக்குப் படுவதைவிட உயிரை விட்டுவிடும் என்று அந்த ஊரில் அதைப் பற்றி ஒரு நம்பிக்கை, நாம் கவரிமானைச் சொல்வது மாதிரி. அப்புறம் லுடோவிக்கோவுக்கே 1488இல் நேப்பிள்ஸ் ராஜா எர்மின் பெயரில் ஒரு விருது கொடுத்திருக்கிறார். இன்னொன்று, இந்த வகைப் பிராணிக்குக் கிரேக்கத்தில் 'கலே' என்று பெயர், அவள் குடும்பப் பெயர் கல்லெரானி. அவள் கையில் இருப்பது அவளுடைய பெயரும் அவனும் இரண்டுமே.

அருவங்காடு டு வார்சா:

கருமந்தி அண்ணா, அருமை. அந்தப் பிராணி பற்றி இன்னொரு செய்தி. பஸ்கால் கோத் என்ற பிரெஞ்சுக்காரர் மேல்பூச்சுக்குக் கீழே ஒளி செலுத்திப் பார்த்து 2014இல் சொன்னது, லெயோனார்டோ இந்தப் படத்தை மூன்று கட்டமாக வரைந்திருக்கிறார், முதலில் பிராணியே கிடையாது, பிறகு சாம்பல் நிறத்தில் சின்னதாக ஒன்று, கடைசியில்தான் இந்தப் பெரிய வெள்ளை.

இனி உங்கள் தம்பியின் கேள்விக்கு வருகிறேன் அக்கா. திருடினார்கள், உண்மை. ஆனால் போலந்துக்குக் கொண்டுவந்தவர்கள் அவர்கள் இல்லை, போலந்திலிருந்து கொண்டுபோனவர்கள் அவர்கள்.

1830இல் ரஷ்யாவை எதிர்த்து வார்சாவில் கிளர்ச்சி, அது தோற்றது. மகன் ஆடம் ஜெர்சி அதில் முன்னால் நின்றவர், நாட்டை விட்டே ஓட வேண்டியதாயிற்று. புவாவி அரண்மனை ரஷ்யர் கைக்குப் போனது. அதற்குள் சாமான்களை மூட்டை கட்டி ஷெனியாவா என்ற ஊருக்குக் கடத்தி, பிறகு பாரிசுக்குக் கொண்டுபோனார்கள். 1843இல் அந்தக் குடும்பம் பாரிசில் ஓதெல் லாம்பெர் என்ற மாளிகையை வாங்கியது, படம் பல வருடம் பாரிசிலேயே கிடந்தது. இசபெலா அம்மாவின் பேரன் காலத்தில்தான் 1870களில் கிராக்கோவில் மியூசியம் எழுந்தது, படமும் திரும்பி வந்தது. கிராக்கோவ் அப்போது ஆஸ்திரியாவின் கீழ் இருந்தது, ரஷ்யப் பகுதியைவிட அங்கே மூச்சுவிட இடம் இருந்தது. முதல் உலகப்போரில் பத்திரத்துக்காக ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்துக்குப் போய் 1920இல் திரும்பியது.

1939. போர் வரப்போகிறது என்று தெரிந்து படத்தைப் பெட்டியில் வைத்து மறுபடி அதே ஷெனியாவாவுக்கு அனுப்பி, மாளிகை நிலவறையில் சுவர் எழுப்பி மறைத்தார்கள். ஜெர்மானியர் செப்டம்பரிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். படம் பெர்லின் போனது. போலந்தை ஆள ஹிட்லர் அனுப்பிய ஹான்ஸ் ஃபிராங்க் அதைத் தனக்கு வேண்டும் என்று கேட்டு வாங்கி, கிராக்கோவில் போலந்து ராஜாக்கள் இருந்த வாவெல் கோட்டையில் தன் இடத்தில் மாட்டிக்கொண்டான். எத்தனை லட்சம் பேர் சாவுக்குக் கையெழுத்துப் போட்ட ஆள்! அவன் இருந்த அறையின் சுவரிலிருந்து இவள் அந்தப் பக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். எழுதும்போதே எனக்கு ஒரு மாதிரி இருக்கிறது.

1945 ஜனவரியில் ரஷ்யப் படை நெருங்கியதும் அவன் ஓடினான், படமும் கூடப் போனது. மே மாதம் அமெரிக்கப் படை பவேரியாவில் அவனைப் பிடித்தபோது படமும் கிடைத்தது. நியூரம்பெர்க்கில் அவனைத் தூக்கிலிட்டார்கள். கரோல் எஸ்ட்ரைகர் என்ற கலை வரலாற்றாளர் 1946இல் ரயிலில் கூடவே உட்கார்ந்து படத்தைக் கிராக்கோவுக்குக் கொண்டுவந்தார். அந்த ரயிலில் அவர் படத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிற புகைப்படம் ஒன்று இருக்கிறது, தேடிப் பாருங்கள்.

ஆனால் ஷெனியாவாவிலிருந்து கூடவே போன, ராஃபேல் என்ற இன்னொரு இத்தாலிய ஓவியர் வரைந்த ஓர் இளைஞனின் படம் திரும்பவில்லை. இளவரசர் இவளை வாங்கிய அதே பயணத்தில் வாங்கியது. 1945க்குப் பிறகு அதை யாரும் பார்க்கவில்லை. மியூசியத்தில் அதற்கு ஒரு வெற்றுச் சட்டம் மாட்டி வைத்திருக்கிறார்கள். மொத்த மியூசியத்திலும் நான் அதிக நேரம் நின்றது அந்தச் சட்டத்தின் முன்னால்தான்.

கட்டபெட்டு கொழுந்து:

தம்பி, இதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அந்தக் கடித இடத்தில் மறுபடி வாசி என்றார். தாத்தா இல்லையே என்று இருக்கிறது.

இன்னும் ஒன்று கேட்கிறேன். அப்படியானால் இப்போது அது யாருடையது? அந்தக் குடும்பத்துடையதா, அரசாங்கத்துடையதா?

அருவங்காடு டு வார்சா:

போருக்குப் பிறகு கம்யூனிஸ்ட் ஆட்சியில் அரசு மியூசியத்தின் பொறுப்பில் இருந்தது. ஆட்சி மாறியபின் 1991இல் குடும்ப வாரிசு ஆடம் கரோல் சார்டோரிஸ்கிக்குத் திரும்பக் கிடைத்தது, அவர் ஓர் அறக்கட்டளை வைத்து நடத்தினார். 2016 டிசம்பர் கடைசியில் போலந்து அரசு முழுச் சேகரிப்பையும் 10 கோடி யூரோவுக்கு வாங்கிக்கொண்டது. இந்த ஒரு படம் மட்டுமில்லை, ஆயிரக்கணக்கான பொருள், நூலகம், காணாமல் போன ராஃபேல் கிடைத்தால் அதன் மேல் இருக்கும் உரிமை வரை எல்லாம் சேர்த்து. சந்தை விலையில் பார்த்தால் அது கொசுறு. எங்களைக் கேட்காமல் விற்றுவிட்டார் என்று அறக்கட்டளை நிர்வாகிகள் ராஜினாமா செய்தார்கள், இங்கே என்னோடு வேலை பார்ப்பவர்களுக்குள்ளேயே அது சரியா தப்பா என்று இன்னும் பேச்சு ஓயவில்லை. பழுதுபார்த்த மியூசியம் 2019 டிசம்பரில் திறந்தது, இப்போது அங்கேதான் தொங்குகிறாள்.

எனக்கு அது சரி என்றுதான் படுகிறது. லெயோனார்டோ வரைந்த மற்ற பெண்கள் எப்படி மியூசியம் போனார்கள் என்று பாருங்கள். மோனாலிசாவை 1516இல் அவரே பிரான்சுக்குக் கொண்டுபோனார், ராஜா கைக்குப் போனது, புரட்சி வந்து ராஜா போனபின் லூவருக்கு வந்தது. ஜினெவ்ரா தெ பெஞ்சி படத்தை 1967இல் லீக்டென்ஸ்டைன் அரச குடும்பத்திடமிருந்து வாஷிங்டன் மியூசியம் 50 லட்சம் டாலருக்கு வாங்கியது. இவள் கதைதான் வேறு. நாடே இல்லாத நாளில், திரும்ப நாடு வரும்போது கொடுக்கலாம் என்று ஓர் அம்மா எடுத்து வைத்தது. வெளியே விற்கவே முடியாதபடி செய்ததுதான் 2016இல் நடந்தது.

படம் சின்னது அக்கா. ஏறத்தாழ 55க்கு 40 சென்டிமீட்டர், அக்ரூட் மரப் பலகை. உங்கள் வீட்டு அச்சும் அந்த அளவுதானா என்று அளந்து பாருங்கள்.

செண்பகனூர் பாதை:

கொடைக்கானலிலிருந்து எழுதுகிறேன். எங்கள் செண்பகனூரில் பாதிரியார்கள் 1895இல் தொடங்கிய மியூசியத்தில் பாடம் செய்த விலங்குகளைப் பார்த்து வளர்ந்தவன். இந்தத் திரியைப் படிக்கும்போது உங்கள் நீலகிரிச் சாமான்கள்தான் ஞாபகம் வந்தன. நீலகிரியின் முதல் கமிஷனர் பிரீக்ஸ் (ஊட்டியில் அவர் பெயரில்தான் பள்ளிக்கூடம்) மலை உச்சிகளில் இருந்த பழைய கல்வட்டங்களைத் தோண்டி எடுத்த சுடுமண் தாழிகள், மூடிகள் எல்லாம் சென்னை எழும்பூர் மியூசியத்தில் இருக்கின்றன. மூடி மேல் எருமை, மனிதர், பறவை என்று கைப்பிடியாக உருவம் செய்து வைத்திருப்பார்கள். நான் பார்த்தபோது கண்ணாடிக்கு முன்னால் என்னைத் தவிர யாரும் இல்லை. மலையில் இருந்து போனவை மலைக்காரர்கள் எத்தனை பேர் கண்ணில் பட்டிருக்கும்? சென்னை போனால் ஒருமுறை போய்ப் பாருங்கள், எருமைத் தலை ஒன்று போதும்.

அப்புறம் பூஞ்சணத்துக்கு. ஈரத்துணியால் துடைக்காதீர்கள், காகிதத்துக்குள் இன்னும் இறங்கும். வெயில் நேராகப் படாத காற்றோட்டமான இடத்தில் நன்றாகக் காயவிட்டு, வாசலுக்கு வெளியே வைத்து, மூக்கைக் கட்டிக்கொண்டு மெல்லிய பிரஷால் தட்டிவிடுங்கள். கண்ணாடி காகிதத்தை ஒட்டியே இருந்தால் நம் பனிக்கு மறுபடி பிடிக்கும். சட்டம் போடுகிறவரிடம் சொல்லி நடுவில் ஒரு அட்டை மவுண்ட் வைத்துக் கொஞ்சம் இடைவெளி விடச் சொல்லுங்கள். மழை அடிக்கிற வெளிச்சுவரில் மட்டும் மாட்டவேண்டாம்.

கட்டபெட்டு கொழுந்து:

அளந்தேன். 38க்கு 28 வருகிறது, அசலைவிடச் சின்னது. காயவைத்துத் தட்டியதில் மூலையில் இருந்த பூஞ்சணம் போய்விட்டது, அவள் தோளில் ஒரு பழுப்புக் கறை மட்டும் நிற்கிறது, அது இருக்கட்டும். சட்டக்காரர் மவுண்ட் வைத்துத் தர புதன்கிழமை ஆகும் என்றார். இத்தனை நாள் இருந்தது மழை அடிக்கிற மேற்குச் சுவர், இனி அடுப்படிக்கு அடுத்த சுவரில் மாட்டப்போகிறோம், சூடு இருக்கும்.

அம்மா இப்போது கீரி என்று சொல்வதில்லை. செச்சீலியா என்கிறார், அந்தப் பிராணியை மரநாய் என்கிறார்.